வேரின் மரபணுக்களை மௌனமாக்கிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன கச்சான் காற்றுக் காலத்தில், திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டக்கார ஐயா வாடிப்போன தக்காளிக் கன்று ஒன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, என் கையில் தந்தார். வேர் முழுக்க முடிச்சு. மிளகளவில் சில, கச்சான் கொட்டையளவில் சில, ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துக் கிடந்தன. "தம்பி, மேலே ஒரு பூச்சியும் இல்லை, இலையில் ஒரு புள்ளியும் இல்லை. கீழே இப்படி. வேருக்குள்ளே என்னதான் நடக்குது?" என்று கேட்டார்.

வேருக்குள் நடப்பதை அறிய இருக்கும் வழிகளில் நல்லதொன்று மரபணு மௌனமாக்கல். நான் சில வருடங்கள் ஓர் ஆய்வுகூடத்தில் தக்காளி வேர்களோடு வேலை செய்தவன். இப்போது உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வகுப்பிலும் தோட்டத்து வரம்பிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மரபணு மௌனமாக்கல் என்றால் என்ன?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று இருப்பதைத்தான் இங்கே மரபணு என்கிறேன். இரண்டும் ஒன்றுதான்.

கோயில் கொடியேற்றத்துக்கு முன் திருவிழா அறிவித்தல் ஒன்று எழுதுவார்கள். மூலப்பிரதி கோயில் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். நகல்கள்தான் சந்தியிலும் கடை வாசலிலும் ஒட்டப்படும். யாரோ இரவோடிரவாக அந்த நகல்களைக் கிழித்துவிட்டால் மூலப்பிரதிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஊருக்குச் செய்தி போகாது, பூசைக்கு ஆள் வராது. கலத்திலும் இதேதான். டி.என்.ஏ. கருவுக்குள் இருக்கிறது. அதன் நகலான தூது ஆர்.என்.ஏ. வெளியே வந்து, அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. மௌனமாக்கலில் நாம் டி.என்.ஏ.யைத் தொடுவதில்லை, நகலை மட்டும் அழிக்கிறோம். புரதம் குறைகிறது. அதனால் வேரில் என்ன கெட்டுப்போகிறது என்று பார்க்கிறோம். கெட்டுப்போனது எதுவோ, அந்த வேலையில் அந்த மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது.

எல்லா நகலும் அழிவதில்லை, கொஞ்சம் மிஞ்சும். இதை மறக்கக் கூடாது. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் காரணம்.

இலையை விட்டுவிட்டு ஏன் வேர்?

இலையில் ஒரு மாற்றம் வந்தால் நடந்து போகிறவனுக்கே தெரியும். வேரில் வந்தால் பிடுங்கினால்தான் தெரியும். பிடுங்கிய பிறகு அந்த வேர் வேலை செய்யாது. இதனாலேயே வேரைப் பற்றிய அறிவு எப்போதும் பின்தங்கி வந்திருக்கிறது. அராபிடொப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுத் தொகுதியை 2000ஆம் ஆண்டில் வாசித்து முடித்தார்கள். சுமார் 27,000 மரபணுக்கள். தக்காளியினது 2012இல் வந்தது, சுமார் 35,000. எழுத்துகள், அதாவது டி.என்.ஏ.யில் வரிசையாக நிற்கும் இரசாயன அலகுகள், கையில் இருக்கின்றன. அவற்றில் வேரில் இயங்குபவை எத்தனையோ என்ன வேலை செய்கின்றன என்பது இன்னும் திறக்காத பெட்டி.

நம் மாவட்டத்துக்கு இது தூரத்து விஷயம் அல்ல. குச்சவெளிப் பக்கம் கிணற்று நீர் உவர்ப்பது, மூதூரில் கடலோர வயல்களில் உப்பு ஏறுவது, வெங்காயத்துக்குப் போட்ட பொஸ்பேற்று உரம் மண்ணிலேயே சிக்கிக் கிடப்பது, அந்த ஐயாவின் தக்காளி முடிச்சு, எல்லாமே வேரில் தீர்மானமாகும் விஷயங்கள்.

இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒரு பூவில் தொடங்கியது. பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க, நிறமி செய்யும் நொதியத்தின் மரபணுவை மேலதிகமாகச் செருகினார்கள். ரிச்சர்ட் ஜோர்கன்சனின் குழு 1990இல் இதை வெளியிட்டது. அடர் ஊதாவை எதிர்பார்த்த இடத்தில் பல செடிகள் வெள்ளையாகப் பூத்தன. சில பூக்களில் ஊதாவும் வெள்ளையும் கலந்து கோலம் போட்டதுபோல் இருந்தது. புதிதாகப் போனதும் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே இருந்ததும் அடங்கிவிட்டது.

காரணம் உடனே விளங்கவில்லை. 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ குழுவினர் ஒரு சிறு புழுவில் செய்த பரிசோதனையில், இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் இந்த அடக்குதலைத் தொடக்குகிறது என்று காட்டினார்கள். 2006இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. இடையில் 1999இல் ஆண்ட்ரூ ஹமில்டனும் டேவிட் போல்கோமும் மௌனமான தாவரங்களில் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கண்டார்கள். அந்தத் துண்டுகள்தான் வேலையின் கூர்முனை. பரிசு புழுவுக்குப் போனாலும் கதையின் முதல் அத்தியாயம் தாவரத்தினுடையது என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

செடி ஏன் தன் நகலைத் தானே அழிக்கிறது?

செடிக்கு வெள்ளை அணுக்கள் இல்லை, ஓடவும் முடியாது. வைரசு வந்தால் என்ன செய்யும்? பெரும்பாலான தாவர வைரசுகள் ஆர்.என்.ஏ.யால் ஆனவை. அவை பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். செடி அதை அந்நியன் என்று எடுத்துக்கொள்கிறது. டைசர் வகை நொதியம் ஒன்று அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழையை ஆர்கனோட் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. பிறகு அந்த இழையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஆர்.என்.ஏ. எங்கே எதிர்ப்பட்டாலும் வெட்டுகிறது. தேடப்படுபவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பது போல.

இந்தக் காவலாளிக்கு நாம் வேறொரு படத்தைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வைரசின் எழுத்துக்குப் பதில் செடியின் சொந்த மரபணு ஒன்றின் எழுத்தை இரட்டை இழையாகக் கொடுத்தால், செடி தன் நகலையே தேடித் தேடி வெட்டும்.

வேரில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

வழிகள் பல. அதிகம் பயன்படும் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது மயிர்வேர் முறை, எனக்குப் பழக்கமானது. மண்ணில் அக்ரோபற்றீரியம் ரைசோஜீன்ஸ் என்றொரு பற்றீரியா இருக்கிறது. காயம்பட்ட செடிக்குள் தன் டி.என்.ஏ.யில் ஒரு துண்டைச் செருகிவிடும். செருகிய இடத்திலிருந்து கொத்துக் கொத்தாக வேர் கிளம்பும். அந்தப் பற்றீரியாவிடம் நமக்கு வேண்டிய துண்டையும் கொடுத்துவிட்டால், கிளம்பும் வேர் அதையும் சேர்த்தே சுமந்து வரும். கொடுக்கும் துண்டு கொண்டையூசி வடிவம். மரபணுவின் ஒரு பகுதி நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை, நடுவில் ஓர் இடைவெளி. நகலாகும்போது அது தன்மேலேயே மடிந்து இரட்டை இழையாகிறது. துண்டின் நீளம் வழக்கமாக 300 முதல் 500 எழுத்துகள்.

கையால் செய்வது இப்படி. சில நாள் வயதான நாற்றின் முளைவேரைக் கூரான கத்தியால் சரிவாக வெட்டுவேன். வெட்டுமுகத்தை அகார் தட்டில் வளர்ந்த பற்றீரியாக் கூழில் மெதுவாகத் தொட்டெடுப்பேன். அழுத்தினால் தண்டு நசுங்கிவிடும், தொடாமல் விட்டால் ஒன்றும் ஒட்டாது. பிறகு ஈரம் காயாமல் சரித்து வைக்கும் தட்டில் அடுக்குவேன். இரண்டு மூன்று வாரத்தில் வெட்டிய முனை முதலில் தடிக்கும், பிறகு வெள்ளை நூல் போல வேர் நீளும். எல்லா வேரும் நம் துண்டைச் சுமக்காது. அதற்காகத்தான் கூடவே சிவப்பாக ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவையும் அனுப்புகிறோம். இருட்டறையில் நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பச்சை ஒளி பாய்ச்சினால், வேண்டிய வேர் குங்குமக் கோடு போல எரியும். எரியாததை அடியோடு நறுக்கிவிட வேண்டும். கடைசியில் கிடைப்பது மேலே சாதாரணத் தண்டும் கீழே மாற்றப்பட்ட வேரும் கொண்ட கலப்புச் செடி. விதைக்காகக் காத்திருக்காமல் ஒன்றிரண்டு மாதத்தில் பரிசோதனைக்குத் தயார்.

இரண்டாவது வைரசு முறை. புகையிலை ரற்றில் வைரசு என்ற ஒன்றை நோய் கடுமையாக வராதபடி திருத்தி, அதற்குள் செடியின் மரபணுத் துண்டைச் செருகி, வேறொரு அக்ரோபற்றீரியம் வழியாக இளம் இலைக்குள் ஏற்றுவார்கள். ஊசிமுனை இல்லாத சிரிஞ்சை இலையின் அடிப்புறத்தில் வைத்துத் தள்ளினால், நீர் ஊறுவது கறுப்பாகப் பரவி வருவது கண்ணுக்கே தெரியும். இந்த வைரசு இயற்கையில் மண்ணில் வாழும் நெமற்றோடு என்ற நுண்ணிய வட்டப்புழுக்களால் பரவுவது. வேருக்குள் நன்றாகப் போவதால் வேர் ஆய்வுக்கு இதை விரும்புகிறார்கள்.

வைரசு முறையை நம் ஊர் வெயிலில் செய்யலாமா?

திறந்த வெளியில் சரிவராது. தக்காளியில் இந்த முறை 20 முதல் 22 பாகை செல்சியஸ் போன்ற குளிர்ந்த சூழலில்தான் நன்றாக இயங்கும். திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் இரவிலும் அவ்வளவு இறங்காது. வெப்பம் கட்டுப்படுத்திய வளர்ப்பறை கட்டாயம், அதற்குத் தடையில்லாத மின்சாரமும் கட்டாயம்.

இலையில் ஏற்றியது வேருக்கு எப்படிப் போகிறது?

வைரசு தானே பயணம் செய்யும், அது ஒரு வழி. இன்னொன்று அழகானது. மௌனம் தானே நகரும். பிரான்சில் புகையிலையில் ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள், 1997இல் வெளிவந்தது. கீழே மௌனமான செடி, மேலே மௌனமாகாத, ஆனால் அதே செருகிய மரபணுவைக் கொண்ட செடி. சில வாரத்தில் மேலே இருந்த செடியிலும் அந்த மரபணு அடங்கிவிட்டது. சிறு ஆர்.என்.ஏ.க்கள் கலத்திலிருந்து கலத்துக்கு நுண்குழாய்கள் வழியாகவும், தூரத்துக்கு உரியம் வழியாகவும் போகின்றன. உரியம் சீனியை வேருக்குக் கொண்டுபோகும் பாதை. அதனால் இலையிலிருந்து வேருக்கு இறங்குவது அதற்கு இயல்பான திசை.

இதே காரணத்தால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேரின் ஒரு குறிப்பிட்ட இழையத்தில் மட்டும் மௌனமாக்க நினைத்தாலும், மௌனம் பக்கத்துக் கலங்களுக்குக் கசியும். "அகத்தோலில் (வேரின் உட்புறத்து ஒற்றைக் கல அடுக்கில்) மட்டும்தான் அடக்கினோம்" என்று யாராவது எழுதியிருந்தால், அதை எப்படி நிரூபித்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

மரபணு உண்மையில் மௌனமானதா என்று எப்படித் தெரியும்?

அளந்துதான். இதை விட்டுவிட்டுச் செய்யும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

வேரைக் கழுவி, உடனே திரவ நைதரசனில் உறைய வைத்து, அரைத்து, ஆர்.என்.ஏ.யைப் பிரிக்க வேண்டும். கழுவுவதில் மண் துகள் மிஞ்சக் கூடாது, நேரமும் இழுக்கக் கூடாது. நம் கை வியர்வையிலேயே ஆர்.என்.ஏ.யைத் தின்னும் நொதியம் இருக்கிறது. பிறகு அந்த ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ. ஆக்கி, பி.சி.ஆர். கருவியில் ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பாகப் பெருக்கி, எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்போம். நகல் குறைவாக இருந்தால் அதிகச் சுற்று தேவைப்படும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒப்பீட்டு வேரில் நம் மரபணு 23ஆம் சுற்றில் வருகிறது. எப்போதும் மாறாமல் இருக்கும் ஒரு மரபணுவை, அக்ரின் என்று வைத்துக்கொள்வோம், துணைக்கு அளக்கிறோம். அது 18இல் வருகிறது. வித்தியாசம் 5. மௌனமாக்கிய வேரில் நம் மரபணு 26, அக்ரின் 19. வித்தியாசம் 7. 7இலிருந்து 5 போனால் 2. இரண்டு சுற்று பின்தங்கியது என்றால் இரண்டு தடவை பாதியானது, அதாவது நாலில் ஒன்று. நகலில் 25 சதவீதம் மிஞ்சியிருக்கிறது, 75 சதவீதம் அழிந்திருக்கிறது. அக்ரினை அளக்காமல் 23ஐயும் 26ஐயும் மட்டும் பார்த்திருந்தால் எட்டில் ஒன்றுதான் மிஞ்சியது என்று ஏமாந்திருப்போம்.

எதோடு ஒப்பிட வேண்டும்?

நான் மாதக்கணக்கில் நேரத்தை இழந்து கற்றது இது. விவரமாகவே சொல்கிறேன்.

தக்காளியில் ஒரு மரபணுவை மயிர்வேர் முறையில் மௌனமாக்கினேன். வேர்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிளைத்தன. சாதாரண நாற்றின் வேரைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கிளைத்தலைத் தடுக்கும் மரபணு ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று முழுமனதோடு நம்பினேன். குழுவில் மூத்த அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, வெறும் பற்றீரியா போட்ட வேர் எங்கே?"

அது என்னிடம் இருக்கவில்லை. செய்து பார்த்தேன். எந்த மௌனமாக்கும் துண்டும் இல்லாத பற்றீரியா தந்த வேர்களும் அதே அளவுக்குக் கிளைத்தன. அந்தப் பற்றீரியா செருகும் ரோல் மரபணுக்களே வேரின் வளர்ச்சியை மாற்றிவிடும். நான் அளந்தது பற்றீரியாவின் வேலையைத்தான்.

அன்றிலிருந்து என் விதி இது. ஒப்பீட்டுச் செடிக்கும் அதே பற்றீரியா, அதே வெட்டு, அதே தட்டு, அதே நாள். உள்ளே போகும் துண்டு மட்டும் செடியில் இல்லாத ஏதாவது ஒன்றினது, உதாரணமாக ஜெலிமீனின் ஒளிரும் புரதத்தினது. மௌனமாக்கும் இயந்திரம் ஓடும், ஆனால் வெட்டுவதற்குச் செடியில் எதுவும் இருக்காது. அதோடு, ஒரே மரபணுவின் இரண்டு வேறு பகுதிகளிலிருந்து இரண்டு துண்டு செய்து தனித்தனியே போட வேண்டும். இரண்டிலும் ஒரே விளைவு வந்தால் நம்பிக்கை கூடும். வராவிட்டால், துண்டு வேறொரு மரபணுவையும் தவறுதலாகத் தாக்கியிருக்கலாம். சுமார் 21 எழுத்து தொடர்ந்து ஒத்துப்போனாலே அந்த ஆபத்து உண்டு. ஆகவே துண்டைத் தெரிவு செய்யும்போதே முழு மரபணுத் தொகுதியோடும் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இன்னொன்று. மயிர்வேர் ஒவ்வொன்றும் தனித்தனிச் செருகல். ஒன்றில் 90 சதவீதம் அடங்கியிருக்கும், பக்கத்து வேரில் 30 சதவீதம்தான். பத்து வேரையும் கலந்து அரைத்துச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். வேரை வேராக அளந்தால், அதிகம் அடங்கியதில் விளைவும் அதிகமா என்று பார்க்கலாம். அந்தப் படிநிலைதான் எனக்குத் தெரிந்து மிக நேர்மையான சான்று.

மௌனமாக்கியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால், அந்த மரபணுவுக்கு வேலை இல்லை என்று அர்த்தமா?

இல்லை. மிஞ்சிய 25 சதவீத நகலே போதுமானதாக இருக்கலாம். அல்லது அதே குடும்பத்து இன்னொரு மரபணு இடத்தைப் பிடித்திருக்கலாம். தம்பி வராத அன்று அண்ணன் கடையைத் திறப்பது போல. தாவரங்களில் ஒரே மாதிரி மரபணுக்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். இங்கே மௌனமாக்கலுக்கு ஒரு பலம் உண்டு. குடும்பம் முழுவதற்கும் பொதுவான பகுதியைத் தெரிந்தெடுத்தால் பலவற்றை ஒரே துண்டால் அடக்கலாம்.

அல்லது நாம் கேட்ட கேள்வியே பிழையாக இருக்கலாம். உப்புக்கு எதிராக வேலை செய்யும் மரபணுவை அடக்கிவிட்டு நல்ல தண்ணீரில் வளர்த்தால் என்ன தெரியும்?

இப்படிச் செய்து இதுவரை என்ன கண்டார்கள்?

உப்பிலிருந்து தொடங்குகிறேன், நமக்கு நெருக்கமானது அதுதான். கோதுமையில் எச்.கே.டி. 1;5 வகை மரபணு ஒன்று இருக்கிறது. வேரில் ஏறும் சோடியத்தை, நீரை மேலே கொண்டுபோகும் குழாயான காழுக்குள்ளிருந்து திரும்ப இழுத்து, இலைக்குப் போகவிடாமல் வேரிலேயே தடுத்து வைப்பது அதன் வேலை என்று நினைத்தார்கள். மௌனமாக்கிப் பார்த்தார்கள். இலையில் சோடியம் கூடியது. 2014இல் வெளியான ஆய்வு அது. நெல்லில் இதே வகை மரபணுவை 2005இலேயே உவர் தாங்கும் நொனா பொக்ரா என்ற பாரம்பரிய இனத்திலிருந்து அடையாளம் கண்டிருந்தார்கள். மூதூர் வயலில் உப்பு ஏறும்போது சில நெல்லினங்கள் கருகுவதும் சில தாங்குவதும் ஏன் என்பதற்கான விடையில் ஒரு பகுதி, வேரின் நடுவில் காழைச் சுற்றியிருக்கும் அந்தச் சில கலங்களில் இருக்கிறது.

அடுத்தது பொஸ்பரசு. நிலத்துத் தாவரங்களில் பெரும்பான்மையின் வேர்களுக்குள் நன்மை செய்யும் பங்கசு வாழ்கிறது. வேர் எட்டாத இடத்துப் பொஸ்பேற்றை அது கொண்டுவந்து, கலத்துக்குள் மரம்போலக் கிளைத்து, அங்கே கைமாற்றுகிறது. மெடிக்காகோ என்ற அவரைக் குடும்பச் செடியில் அந்தப் பொஸ்பேற்றைப் பெற்றுக்கொள்ளும் மரபணுவின் வேலையை இல்லாமல் செய்தபோது, பொஸ்பேற்று வரவு நின்றதோடு பங்கசின் அந்தக் குட்டி மரங்களும் காலத்துக்கு முன்பே செத்தன. 2007இல் வந்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. தருவதைத் தராத கூட்டாளியைச் செடி உள்ளே வைத்திருப்பதில்லை.

கச்சானை, அதாவது நிலக்கடலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் நைதரசனைப் பிடித்துத் தரும் பற்றீரியா குடியிருக்கும் வேர்க்கணு பற்றிய நம் அறிவு பெரும்பாலும் மெடிக்காகோ போன்ற சில செடிகளிலிருந்து வந்தது. அவற்றில் பற்றீரியா வேர்மயிர் வழியாக நுழைகிறது. கச்சானிலோ பக்கவேர் வெளிவரும் இடத்து வெடிப்பு வழியாக நுழைகிறது. வாசலே வேறு. அதனால் ஒரு செடியில் கண்டதை அப்படியே மற்றதுக்குச் சொல்ல முடியாது, கச்சானின் மரபணுக்களைக் கச்சான் வேரிலேயே மௌனமாக்கிப் பார்க்க வேண்டும்.

கிரிஸ்பர் வந்த பிறகும் இது எதற்கு?

கிரிஸ்பர் என்ற புதிய முறை மூலப்பிரதியை, அதாவது டி.என்.ஏ.யையே திருத்துகிறது. எமானுவேல் ஷார்பொந்தியேவும் ஜெனிஃபர் டவுட்னாவும் 2020இல் வேதியியல் நோபல் பெற்றது அதற்குத்தான். ஒரு மரபணுவை முழுமையாக நீக்கி உறுதியான விடை வேண்டுமென்றால் இன்று நானும் அதையே தெரிவு செய்வேன். மயிர்வேரிலும் அதைச் செய்யலாம்.

ஆனால் சில மரபணுக்கள் இல்லாவிட்டால் செடி முளைக்கவே முளைக்காது. அவற்றைப் பாதியாகக் குறைத்துத்தான் படிக்க முடியும். செடி வளர்ந்த பிறகு, வேண்டிய நேரத்தில் அடக்கவும் மௌனமாக்கல் உதவும்.

நெமற்றோடுவை இதால் ஒழிக்கலாமா?

நிலாவெளி ஐயாவின் அடுத்த கேள்வி இது. முடிச்சை உண்டாக்குவது மெலொய்டொகைன் என்ற நுண்ணிய வட்டப்புழு. இளம் புழு வேருக்குள் புகுந்து, சில கலங்களைப் பூதக் கலங்களாக வீங்கச் செய்து, அவற்றிலிருந்தே உணவை உறிஞ்சுகிறது. பெண் புழு நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரு பசைப் பொதியாக இடும்.

உறிஞ்சும் உணவோடு செடியின் ஆர்.என்.ஏ.யும் உள்ளே போகும். அப்படியானால் புழுவின் மரபணுவுக்கு எதிரான இரட்டை இழையைச் செடியின் வேரே செய்தால் என்ன? 2006இல் அராபிடொப்சிஸில் இதைச் செய்து காட்டினார்கள். புழு சுரக்கும் 16டி10 என்ற சிறு புரதத்தின் மரபணுவைக் குறிவைத்தார்கள். நான்கு முக்கிய மெலொய்டொகைன் இனங்களுக்கும் எதிர்ப்பு கிடைத்தது. தக்காளி விவசாயியின் கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வேறொரு வேர்ப் பூச்சிக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் சோளன் வேரைத் தின்னும் வண்டுப் புழுவின் ஸ்னெஃப்7 மரபணுவை அடக்கும் சோளனுக்கு 2017இல் அனுமதி கிடைத்தது.

தக்காளியில் ஏற்கெனவே எம்.ஐ. 1 என்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறது. காட்டுத் தக்காளி இனமொன்றிலிருந்து இனக்கலப்பால் வந்தது. மண்வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் அது தளர்ந்துவிடும். நிலாவெளி மணலை நண்பகலில் வெறுங்காலால் மிதித்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். எம்.ஐ. 1 வெப்பத்தில் ஏன் தளர்கிறது என்பதை நம் போன்ற வெப்பமண்டல ஊர்களில் இருப்பவர்கள்தான் முன்னின்று ஆராய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தச் செடிகள் வெளியே பரவினால் ஆபத்து இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. கலப்புச் செடியில் மாற்றம் வேரில் மட்டும்தான். தண்டும் பூவும் பழையபடியே இருப்பதால் மகரந்தத்திலோ விதையிலோ செருகிய துண்டு போகாது. இருந்தாலும் ஆய்வுகூடத்து மண், தட்டு, வேர் எல்லாவற்றையும் அழுத்தக் கொதிகலனில் 121 பாகையில் வைத்துக் கிருமி நீக்காமல் வெளியே கொட்டக் கூடாது. வைரசு முறையில் இன்னும் கவனம் வேண்டும். உயிர்ப் பாதுகாப்புக்கான கார்ட்டஜீனா நெறிமுறையில் இலங்கையும் ஒரு தரப்பு. அனுமதி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது, வீட்டு முற்றத்தில் செய்வதல்ல.

நான் உயர்தர மாணவி. திருகோணமலையில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?

மௌனமாக்கலின் பாதி வேலை வேரைச் சரியாக அளப்பது. அதை இன்றே தொடங்கலாம், பிள்ளை. பாசிப்பயறை ஈரத்துணியில் முளைக்க வையுங்கள். கண்ணாடிப் போத்தலின் உட்சுவரோடு கறுப்புத் துணி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே முளைத்த பயறைச் செருகுங்கள். ஒரு போத்தலுக்கு நல்ல தண்ணீர், ஒன்றுக்கு லீற்றருக்கு 3 கிராம் உப்பு, ஒன்றுக்கு 6 கிராம். கடல்நீரில் சுமார் 35 கிராம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். போத்தலை வெளிச்சம் படாமல் மூடி வைத்து, தினமும் ஒரே தூரத்தில் இருந்து கைபேசியில் படமெடுங்கள், பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் வேரின் நீளத்தையும் பக்கவேர்களையும் அளக்கலாம். ஒரு போத்தலில் ஒரு பயறு போதாது, பத்தாவது வேண்டும். ஏன் என்று முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மேலே படிக்க விரும்பினால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலேயே இருக்கிறது. மூலக்கூற்று உயிரியலுக்குப் பேராதனையும் கொழும்பும் உண்டு.

சரி தம்பி, இப்போது என் தக்காளிக்கு என்ன செய்ய?

முடிச்சு வந்த கன்றை வேரோடு பிடுங்குங்கள், ஐயா. வேர் அறுந்து மண்ணில் நிற்காமல் முள்ளால் கிளறி எடுங்கள். பசளைக் குழியில் போட வேண்டாம், முட்டை அங்கேயும் பிழைக்கும். காயவைத்து எரித்துவிடுங்கள். அந்த மேடையில் அடுத்த போகம் தக்காளி, கத்தரி, வெண்டி எதுவும் வேண்டாம். கச்சான் வெயில் இருக்கும்போதே மண்ணைக் கொத்தி, நன்றாக நனைத்து, தெளிந்த பொலித்தீனை இழுத்து மூடி, விளிம்பு முழுக்க மண் அணைத்து ஆறு வாரம் விடுங்கள். மாரி மழைக்கு முன் பொலித்தீனை எடுக்கலாம். எடுக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள், மண்ணை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க நான் வருகிறேன்.